கொரோனா நிவாரணமும் நம்ம மாந்தோப்பும்: கடைக்கு வந்தவர்கள் கேட்ட கேள்விகள்

பரதராமியில் ஜெராக்ஸும் ஆன்லைன் வேலையும் பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. ஒரு பக்கம் குடியாத்தம், இன்னொரு பக்கம் சித்தூர். வருகிறவர்களில் பல பேருக்கு வீடு இங்கே, தோப்பு ஆந்திராவில், சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும். 2020-ல் ஆரம்பித்த கேள்விகள் இன்னமும் நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

கொரோனா பணம்னு விவசாயிக்கு மொத்தம் எவ்வளவு குடுத்தாங்க பாப்பா?

விவசாயிக்கு என்று மத்திய அரசு நேராகக் கணக்கில் போட்டது 2,000 ரூபாய். 2020 மார்ச் 26-ம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒரு நிவாரணத் தொகுப்பை அறிவித்தார். அதில் 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே 2,000 ரூபாய் போடுவோம் என்று இருந்தது. ஊரில் 'கொரோனா பணம்' என்று பேர் வந்தது அதற்குத்தான்.

ரேஷன் கடையில் வாங்கிய 1,000 ரூபாயும், 2021-ல் இரண்டு தவணையாகக் கொடுத்த 4,000 ரூபாயும் வேறு. அது தமிழ்நாடு அரசு அரிசி அட்டைக்குக் கொடுத்தது. நிலம் இருக்கிறவர், இல்லாதவர் எல்லாருக்கும் வந்தது, அதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

அப்போ அந்த 2,000 புதுசா குடுத்தது இல்லையா?

இல்லை. இதைச் சொன்னால் முகம் சுருங்கிப்போகிறது, ஆனாலும் உள்ளதைத்தானே சொல்லணும். அது பி.எம். கிசான் தவணை. நிலம் வைத்திருக்கிற விவசாயிக்கு மத்திய அரசு பணம் போடும் அந்தத் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது, வருஷத்துக்கு 6,000 ரூபாய், நாலு மாசத்துக்கு ஒரு முறை 2,000. ஏப்ரலிலிருந்து ஜூலை வரைக்குமான தவணையை, ஊரடங்கு என்பதால் மாசத் தொடக்கத்திலேயே முன்கூட்டிப் போட்டார்கள். அந்த வருஷமும் மொத்தம் 6,000-தான் வந்தது, 8,000 இல்லை. கையில் காசே இல்லாத ஏப்ரலில் அந்த 2,000 உதவியது உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது காய்க்கு வந்த நஷ்டத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்த பணம் கிடையாது.

மாந்தோப்புக்கு வருமா, நெல்லு, கடலை போடறவங்களுக்கு மட்டும்தானா?

தோப்புக்கும் வரும். என்ன பயிர் என்று அதில் கேள்வியே இல்லை, சாகுபடி நிலம் உங்கள் பேரில் இருக்கணும், அவ்வளவுதான். முதலில் 5 ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள், 2019-லேயே அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அரை ஏக்கர் வைத்திருந்தாலும் 6,000, பத்து ஏக்கர் தோப்பு வைத்திருந்தாலும் 6,000.

காய் மரத்துலயே அழுகிப்போச்சே, மரத்துக்கு இவ்வளவுன்னு ஏன் நஷ்டஈடு வரல?

2020 சீசனை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏப்ரல் கடைசியில் குடியாத்தம்–பலமநேர் ரோட்டில் சைனகுண்டா செக்போஸ்ட் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே சுவரே கட்டினார்கள், பொன்னை வழியிலும் கட்டினார்கள். பெரிய சத்தம் கிளம்பிய பிறகு இடித்தார்கள். நமக்கு மாங்காய் போவது சித்தூர் கூழ் கம்பெனிக்கு. வண்டிக்கு பாஸ் வேணும், டிரைவருக்கு பாஸ் வேணும், பறிக்க வரும் ஆளுக்கும் வேணும். கூழுக்குப் போகும் பெங்களூரா ரகக் காயை வீட்டில் வைத்து எத்தனை நாள் காக்க முடியும்?

ஆனால் அரசாங்கக் கணக்கில் அது 'விலை நஷ்டம்', 'விற்க முடியாத நஷ்டம்'. பயிர்க் காப்பீடு என்பது மழை, காற்று, வறட்சி மாதிரி காரணத்தால் விளைச்சல் போனால் வருவது. விலை விழுந்ததற்கு அது பேசாது. விலைக்கு என்று இருப்பது சந்தைத் தலையீட்டுத் திட்டம்: குறைந்தபட்ச ஆதரவு விலை இல்லாத, சீக்கிரம் கெடும் பொருள்களுக்கு மாநில அரசு கேட்டால் மத்திய அரசும் பாதி போட்டு நஷ்டத்தைப் பகிரும். மாநிலம் கேட்டால்தான் அது நகரும்.

நகர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை 2025-ல் பார்த்தோம். பெங்களூரா விலை படுத்தபோது ஆந்திராவில் கம்பெனிகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரணும், அரசு 4 ரூபாய் சேர்த்து விவசாயிக்குப் போடும் என்று முடிவு செய்தார்கள். அதே ஜூனில், வெளி மாநிலத்துப் பெங்களூரா சித்தூர் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவும் போட்டார்கள், கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதும் வரைக்கும் அது போனது. நம்மைப் போல் எல்லையில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. நிவாரணம் மாநிலக் கோட்டோடு நின்றுவிடும், மாங்காய் மட்டும் கோட்டைத் தாண்டித்தான் விற்றாகணும்.

பூவுலயே தோப்பை குத்தகைக்கு பேசி பணம் குடுத்தவன் நான். நஷ்டம் எனக்குத்தான். எனக்கு ஒண்ணும் இல்லையா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம். பூ விட்டதும் தோப்பைப் பேசி, முன்பணம் கொடுத்து, மருந்தடித்து, காவல் வைத்து, கடைசியில் காயை விற்க முடியாமல் போனவர்தான் 2020-ல் அதிகம் அடிபட்டார். தோப்புக்காரருக்குக் குத்தகைப் பணம் முன்னமே வந்துவிட்டது, மேலே சொன்ன 2,000-மும் அவருக்கே வந்தது. பி.எம். கிசானில் குத்தகைதாரருக்கு இடமே கிடையாது. சட்டப்படி அவர் பேரில் நிலம் இல்லை.

ஆந்திராவில் 2019-ல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் வந்தது. நில உரிமையாளரும் குத்தகைதாரரும் 11 மாச ஒப்பந்தம் எழுதினால் ஒரு அட்டை கொடுப்பார்கள், அதை வைத்துக் கடனும் காப்பீடும் கேட்கலாம், நில உரிமையும் பறிபோகாது. எஸ்.சி., எஸ்.டி., பி.சி., சிறுபான்மைக் குத்தகை விவசாயிகளுக்கு ரைத்து பரோசா என்ற விவசாயி உதவிப் பணத்தையும் கொடுத்தார்கள். ஆனால் நிலத்தை உழுது பயிர் வைக்கிறவருக்கான ஏற்பாடு அது. ஒரு சீசன் காயை மட்டும் வாங்குகிறவர் வியாபாரி என்றே எழுதப்படுகிறார். இது சரியில்லை என்பது என் கருத்து. மருந்துக் கடைக் கடனைப் பார்த்தாலே யார் விவசாயம் செய்தார் என்று தெரிந்துவிடும்.

அந்தப் பக்கம் 7,500 வந்துச்சாமே, நமக்கு மட்டும் ஏன் 2,000?

வந்தது உண்மை. ஆந்திராவில் ஒய்.எஸ்.ஆர். ரைத்து பரோசா என்று 2019 அக்டோபரில் தொடங்கியிருந்தார்கள். வருஷத்துக்கு 13,500, அதில் 6,000 மத்திய அரசின் பி.எம். கிசான், மீதி 7,500 மாநிலம் போடுவது. 2020 மே 15-ம் தேதி மாநிலப் பங்கில் 5,500 போட்டார்கள், ஏப்ரலில் வந்த 2,000-த்தையும் சேர்த்து 7,500 என்று கணக்கு. தமிழ்நாட்டில் பி.எம். கிசானுக்கு மேல் மாநிலம் வருஷா வருஷம் சேர்க்கிற ஏற்பாடு இல்லை, இங்கே உதவி கடன் தள்ளுபடி வழியாக வந்தது, கீழே சொல்கிறேன்.

இப்போது அங்கே அந்தத் திட்டத்துக்குப் பதில் அன்னதாதா சுகீபவா நடக்கிறது. மத்திய அரசின் 6,000 சேர்ந்து வருஷத்துக்கு 20,000. 2025 ஆகஸ்ட் 2-ல் முதல் தவணையாக மாநிலம் 5,000, மத்திய அரசு 2,000 போட்டது.

வீடு பரதராமி, தோப்பு குடிபாலா மண்டலத்துல. நான் எங்க போய் நிக்கணும்?

தோப்பு இருக்கும் இடத்தில். ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்பதை வைத்து நிலப் பதிவேடு ஓடாது. ஆந்திர நிலத்துக்கு அங்கத்து பட்டாதாரர் பாஸ்புக், நில உரிமைப் பதிவான 1பி, சாகுபடிக் கணக்கான அடங்கல். அதை எடுத்துக்கொண்டு அந்த ஊர் ரைத்து சேவா கேந்திரத்துக்குப் போகணும், 2020 மே கடைசியில் ரைத்து பரோசா கேந்திரம் என்ற பேரில் திறந்தார்களே, அதேதான். இங்கே குடியாத்தம் தாலுகா ஆபீசில் நின்றால் அவர்களால் அந்த சர்வே நம்பரைத் திறந்து பார்க்கக்கூட முடியாது. கூடவே தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பேரைத் தெலுங்கில் ஏற்றும்போது ஒரு எழுத்து மாறினாலும் ஆதாரோடு ஒட்டாமல் நின்றுவிடுகிறது.

இரண்டு பக்கமும் நிலம் இருக்கிறது, இரண்டு பக்கமும் பி.எம். கிசான் வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒரு 6,000. இரண்டும் ஒரே ஆதாரில் வந்து நிற்கும், அப்புறம் இரண்டையும் நிறுத்திவிடுவார்கள்.

பட்டா இன்னும் செத்துப்போன எங்க அப்பா பேருல இருக்கு. எனக்கு வருமா?

அப்படியே இருந்தால் வராது. 2019 பிப்ரவரி 1-ம் தேதி யார் பேரில் நிலம் இருந்தது என்பதுதான் அடிப்படை. அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியவர்களைச் சேர்க்கவில்லை, வாரிசாக வந்தவர்களைச் சேர்க்கலாம். ஆகவே உங்களுக்கு வழி இருக்கிறது: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எடுத்து, பட்டாவை உங்கள் பேருக்கு மாற்றி, புதிதாகப் பதிவு செய்யணும். இப்போது விவசாயி தனித்துவ அடையாள எண்ணும் கேட்கிறார்கள், அதையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். அப்பா கணக்கில் அவர் போன பிறகும் தவணை விழுந்திருந்தால் அதை எடுத்துச் செலவு செய்யாதீர்கள், வேளாண் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

அண்ணன் தம்பி மூணு பேர், கூட்டுப் பட்டா. ஒருத்தருக்குத்தான் வருது.

மூன்று பேர் பேரும் பட்டாவில் இருந்தால் மூன்று குடும்பமும் தனித்தனியாகக் கேட்கலாம். பட்டாவில் 'இன்னார் மற்றும் பிறர்' என்ற மாதிரி இருந்தால்தான் சிக்கல். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவது நல்லது. தாமதமாகும், ஆனாலும் கடன் வாங்கப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

போன்ல பணம் வந்ததா மெசேஜ் வந்துச்சு, பாஸ்புக்குல இல்லயே?

ஆதார் எந்தக் கணக்கில் கடைசியாக இணைந்ததோ அந்தக் கணக்குக்குப் போகும். நீங்கள் மனுவில் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகணும் என்று இல்லை. ஊரடங்கில் போஸ்ட் ஆபீஸ் கணக்கு, ஜன் தன் கணக்கு என்று திறந்தவர்களுக்கு அதில்தான் விழுந்திருக்கும். ஒரு பெரியவர் மூன்று தவணை வரவில்லை என்று மனசு உடைந்து வந்தார், பார்த்தால் சித்தூரில் மகள் வீட்டுக்குப் போனபோது திறந்த கணக்கில் 6,000 அப்படியே இருந்தது. எந்த வங்கி என்று ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். கேட்க வேண்டுமானால் பி.எம். கிசான் உதவி எண் 155261.

கைரேகை விழவே மாட்டேங்குது, என்ன பண்றது?

மாங்காய் பறிக்கிறவர்களுக்கு இது ஒவ்வொரு சீசனிலும் நடக்கிறது. காம்பு ஒடிக்கும்போது பீய்ச்சுகிற பால் விரலில் பட்டு, கறுத்து, தோல் உரிந்து, ரேகை இருக்கும் இடம் வழவழவென்று ஆகிவிடுகிறது. ஒரு அம்மா ஒவ்வொரு விரலாக வைத்து வைத்து, பத்தாவது விரலும் விழாமல், புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி முதல் விரலிலிருந்து ஆரம்பித்தார். நான் போதும்மா என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவருக்கு முகத்தை வைத்துச் செய்தோம். 2023-லிருந்து பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே இ.கே.ஒய்.சி. (ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்ப்பது) முடிக்கலாம். ஆதாரில் போன் நம்பர் இருந்தால் ஓ.டி.பி. போட்டும் முடிக்கலாம், அதற்கு நீங்கள் கடைக்கே வர வேண்டாம். கைரேகைதான் வேணும் என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் விடாதீர்கள்.

கொரோனா டைம்ல வாங்கின பணத்தை திருப்பிக் கட்டச் சொல்றாங்களாமே?

தகுதி இல்லாமல் வாங்கியவர்களிடம் கேட்கிறார்கள். 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் வெளியே வந்த விஷயம் இது. ஊரடங்கு நேரத்தில் ஆன்லைனில் தானே பதிவு செய்யும் வசதியைப் பயன்படுத்தி, அதிகாரிகளின் பாஸ்வேர்டு வெளியே போய், தமிழ்நாட்டில் சுமார் 5.5 லட்சம் தகுதியில்லாத பேர்களைச் சேர்த்துவிட்டார்கள், சுமார் 110 கோடி ரூபாய் போய்விட்டது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர்களும் கைதானார்கள். அதில் ஏமாந்தவர்கள் பலர் நிலமே இல்லாத கூலிக்காரர்கள், 'கொரோனா பணம் எல்லாருக்கும்' என்று சொல்லி ஆதாரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

நிலம் இருந்தாலும் தகுதி போகும் ஆட்கள் உண்டு: வருமான வரி கட்டினவர், அரசு வேலையில் இருப்பவர் அல்லது ஓய்வு பெற்றவர், மாசம் 10,000 அல்லது அதற்கு மேல் பென்ஷன் வாங்குகிறவர், தொழில் செய்கிற டாக்டர், வக்கீல், இன்ஜினியர். கடைநிலை ஊழியர்களுக்கு விலக்கு இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் முதலில் எந்தக் காரணம் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். தவறாகப் போட்டிருந்தால் பட்டா, சிட்டாவோடு வேளாண் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். கட்டித்தான் ஆகணும் என்றால் பி.எம். கிசான் இணையதளத்திலேயே கட்டி ரசீது எடுக்கலாம். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

பையன் பெங்களூருல ஐ.டி. வேலை, டாக்ஸ் கட்றான். அதனால எனக்கு நின்னுடுமா?

நிற்காது. குடும்பம் என்றால் யார் யார் என்று மேலே குடிபாலா கேள்வியில் சொன்னேன், 18 தாண்டிய மகன் அதில் இல்லை. மனைவி வரி கட்டினால் நிற்கும். பையன், உங்கள் பேரில் வரிக்கணக்கு எதுவும் தாக்கல் செய்திருக்கிறானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

லோன் ஆறு மாசம் கட்ட வேணாம்னு சொன்னாங்க, அப்புறம் ஏன் வட்டி ஏறிப்போச்சு?

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 1-லிருந்து மே 31 வரை, பிறகு ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. தள்ளிவைப்புதான், தள்ளுபடி இல்லை, அந்த ஆறு மாசமும் வட்டி ஓடியது. அக்டோபரில் 2 கோடிக்குள் கடன் வாங்கியவர்களுக்கு வட்டிக்கு வட்டியைத் திருப்பித் தருகிறோம் என்று அரசு சொன்னபோது, பயிர்க் கடனும் டிராக்டர் கடனும் அதில் சேராது என்று விளக்கமும் வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது, கார் கடனுக்கு உண்டு, டிராக்டருக்கு இல்லை. 2021 மார்ச் 23-ல் உச்ச நீதிமன்றம்தான் எல்லாக் கடன்காரர்களுக்கும் அந்தக் கூட்டு வட்டியை நீக்கச் சொன்னது.

பயிர்க் கடனுக்குக் கிடைத்தது வேறு ஒன்று. 3 லட்சம் வரைக்கும் 7 சதவீத வட்டியில் வாங்கி ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம்தான் விழும் இல்லையா, அந்தச் சலுகைக்கான கெடுவையும் ஆகஸ்ட் 31 வரை நீட்டினார்கள். மார்ச்சில் கெடு முடிந்துவிட்டது என்று பயந்து கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். யாராவது ஒருவர் வந்து சொல்லியிருக்கலாம்.

கூட்டுறவுல தள்ளுபடி ஆச்சே, பேங்குல வாங்கினவங்களுக்கு ஏன் ஆகல?

2021 பிப்ரவரி 5-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது கூட்டுறவு வங்கிப் பயிர்க் கடனுக்கு மட்டும்: 16.43 லட்சம் விவசாயிகள், 12,110 கோடி ரூபாய். கூட்டுறவு மாநில அரசின் கீழ் வருவது, மற்ற வங்கிகள் அப்படி இல்லை. குடிபாலாவில் நிலம் வைத்து அங்கே கடன் வாங்கியவர்களுக்கு இது பொருந்தவே இல்லை.

1 லட்சம் கோடி விவசாயத்துக்குன்னு டி.வி.யில சொன்னாங்களே, அது எங்க போச்சு?

2020 மே 15-ல் அறிவித்த வேளாண் உட்கட்டமைப்பு நிதி அது. குளிர்பதனக் கிடங்கு, தரம் பிரிக்கும் கொட்டகை மாதிரி கட்ட நினைப்பவர்களுக்குக் கடன், 2 கோடி வரைக்கும் வட்டியில் 3 சதவீதம் சலுகை. கையில் கொடுக்கும் பணம் இல்லை. அந்தத் தொகுப்பில் மாங்காய்க்காரருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியதாக இருந்தது, விளைச்சல் மிஞ்சும் இடத்திலிருந்து வெளியே கொண்டுபோகும் வண்டி வாடகையிலும் கிடங்கு வாடகையிலும் பாதி மானியம். மாம்பழமும் அந்தப் பட்டியலில் இருந்தது. முதலில் காசு போட்டு ஏற்றிவிட்டு அப்புறம் கேட்டு வாங்கணும். இரண்டு ஏக்கர்க்காரர் எப்படிப் போடுவார்?

காய் பறிக்கிற கூலிக்காரங்களுக்கு என்ன வந்துச்சு?

பி.எம். கிசான் இல்லை. ரேஷனில் தலைக்கு 5 கிலோ அரிசி இலவசம், பெண்கள் பேரில் ஜன் தன் கணக்கு இருந்தால் மாசம் 500 வீதம் மூன்று மாசம். நூறு நாள் வேலைக் கூலி தமிழ்நாட்டில் 229-லிருந்து 256 ஆனது, ஆந்திராவில் 211-லிருந்து 237.

இப்ப பதிஞ்சா 2020-ல விட்டுப்போன பணம் சேத்து வருமா?

வராது. பேர் ஏறிய தவணையிலிருந்துதான் கணக்கு. அன்றைக்குத் தகுதியோடு பதிந்து, பரிசீலனையிலேயே தங்கிவிட்டவர்கள் மட்டும் அந்தத் தேதியிலிருந்து கேட்கலாம், பதிவு எண் கையில் இருக்கணும். 500 கொடு, பழைய பாக்கி எல்லாம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஆதாரைக் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவுல தோட்டக்காரங்களுக்கு வித்த கணக்கு பாத்து குடுத்தாங்கன்னு என் மருமகன் சொல்றாரு. நெஜமா?

நிஜம்தான். அங்கே 2020 ஏப்ரலில் 1,900 கோடி டாலருக்கு ஒரு உணவு உதவித் திட்டம் அறிவித்தார்கள், அதில் 1,600 கோடி டாலர் நேராகப் பண்ணைகளுக்கு. செப்டம்பரில் இரண்டாவது சுற்று வந்தபோது பழம், காய்கறித் தோட்டங்களுக்கு 2019-ல் எவ்வளவுக்கு விற்றார்களோ அதில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டார்கள். சின்னத் தோட்டத்துக்கு சதவீதம் கொஞ்சம் கூட: 50,000 டாலருக்குள் விற்றவருக்கு 10.6, பத்து லட்சத்துக்கு மேலே போன பகுதிக்கு 8.8. நிலம் யார் பேரில் என்று பார்க்காமல் விற்பனையைப் பார்த்த முறை அது. நம் பூக் குத்தகைக்காரருக்கு இப்படி ஒன்று இங்கே இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம்மகிட்ட வித்த கணக்கு எங்க இருக்கு? மண்டியில துண்டுச் சீட்டுதான் தராங்க.

அந்தத் துண்டுச் சீட்டு போதும், அதைத் தூக்கிப் போடாமல் இருங்கள். 2025-ல் ஆந்திராவில் கிலோவுக்கு 4 ரூபாய் என்றபோதும் எவ்வளவு எடை, எந்தக் கம்பெனியில் இறக்கினது என்ற விவரம்தான் பேசியது. தேதி, வண்டி நம்பர், எடை, விலை, உங்கள் பேர் ஐந்தும் இருக்கிறதா என்று இறக்கும் இடத்திலேயே பாருங்கள். டிரைவர் பேரிலோ மேஸ்திரி பேரிலோ எழுதினால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். பூக் குத்தகை பேசுகிறவர்கள் வாய்ப்பேச்சோடு விடாமல், சர்வே நம்பர், தொகை, எத்தனை மாசம் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. எடை மேடையில் மிஷினில் வரும் வழவழப்பான சீட்டு ஒரு வருஷத்துக்குள் வெளுத்து வெறும் தாளாகிவிடும். வந்த அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வைக்கணும், அல்லது போனில் போட்டோ பிடித்து வைக்கணும். பத்திரமாக இருக்கட்டும் என்று அதை லேமினேஷன் போடக் கொண்டு வராதீர்கள், சூடு பட்டதும் சீட்டு முழுக்கக் கறுத்துப்போகும்.